கத்தியும் மருந்தும்

திருவண்ணாமலை என்றவுடன் தமிழர் உள்ளத்தில் எழுவன மூன்று: ஓங்கி நிற்கும் மலை, அதன் அடியில் 217 அடி உயரத்தில் விளங்கும் இராஜகோபுரம், கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஒளிவிடும் தீபம். அத்திருநாளில் நாட்டின் பல திசைகளினின்றும் மக்கள் வந்து கூடுவர். மலையை வலம்வரும் வழி 14 கிலோமீட்டர் நீளமுடையது. நடந்து களைத்தவர் முதலில் நாடுவது தண்ணீர். எண்ணற்ற மக்கள் ஓரிடத்தில் கூடும்பொழுது, அவர்களுக்குச் சோறு கிடைப்பதைவிட நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. குளத்து நீரையும் கிணற்று நீரையும் அப்படியே அள்ளிப் பருகிய காலத்தில், திருவிழாவுக்குச் சென்று திரும்பியவருள் சிலர் புண்ணியத்தோடு நோயையும் சுமந்து வந்தனர். வாந்திபேதி விரைந்து கொன்றது. அதை எல்லோரும் அறிந்தனர், அஞ்சினர். சீதபேதியோ மெல்ல வந்து, தீர்ந்துவிட்டதுபோல் காட்டி, சிலருடைய உடலின் உள்ளே சென்று ஒளிந்துகொண்டது. அது ஒளிந்த இடம் கல்லீரல். அங்கே அது உண்டாக்கிய சீழ்க்கட்டியை மருத்துவர் எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு வென்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் நாட்டில் அறுவை மருத்துவம் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, கிழக்கே ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடைபெற்ற ஒரு மருத்துவமனையைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. அங்கே 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், நோயாளியைப் பேணும் பெண்டிர், மருந்துக்கு வேண்டிய மூலிகை கொணர்வோர் ஆகியோர் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளது. கோயிற் பணியாளரும் அங்குப் பயின்ற மாணவரும் அம்மருத்துவமனையிற் பயன் பெற்றனர். மருந்து கொடுப்பவர் வேறு, கத்தி எடுப்பவர் வேறு என்று பிரித்து வைத்த அக்கால அறிவை நாம் போற்றுதல் வேண்டும்.

ஆயினும் உண்மை ஒன்றை மறைத்தலாகாது. அக்காலக் கத்தி, உடலின் மேற்புறத்திலேயே பெரும்பாலும் வேலை செய்தது. புண்ணை அறுத்தனர், கட்டியைக் கீறினர், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டினர். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ளே நிகழ்வது, பூட்டிய அறைக்குள் நிகழ்வதாகவே இருந்தது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. உலகம் முழுவதும் இதே நிலைதான். 1846ஆம் ஆண்டில் ஈதர் என்னும் மயக்க மருந்து அறுவைக்குப் பயன்பட்டது. 1867ஆம் ஆண்டில் லிஸ்டர் கிருமி நீக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் வந்த பின்னரே அந்தப் பூட்டு மெல்லத் திறந்தது.

அதற்கு முன்பே, சென்னை இராஜதானியில் ஒருவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்க முயன்றார். அவர் பெயர் ஜேம்ஸ் ஆனெஸ்லி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் நோய்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1828ஆம் ஆண்டில் வெளியிட்டார். இறந்தோர் உடலை ஆராய்ந்து, சீழ்கொண்ட கல்லீரல்களையும் புண்பட்ட குடல்களையும் வண்ணப் படங்களாக அதிற் சேர்த்தார். சீதபேதியும் கல்லீரற் கட்டியும் ஒருவரிடமே அடிக்கடி காணப்படுவதை அவர் கண்டார். ஆனால் எது காரணம், எது காரியம் என்பது அன்று தெளிவாகவில்லை. வெயிலின் கொடுமை, உணவின் மிகுதி, மது ஆகியவற்றை மருத்துவர்கள் காரணமாகக் கூறிவந்தனர். இரத்தம் வடித்தல், பாதரசம் கொடுத்தல் போன்ற முறைகளே சிகிச்சையாக இருந்தன. அவற்றால் நோயாளி தளர்ந்தாரேயன்றி நோய் தளரவில்லை.

மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்தபின் அறுவை மருத்துவர்கள் துணிந்தனர். சீழ் எங்கே இருந்தாலும் அதை வெளியேற்ற வேண்டும் என்பது மருத்துவத்தின் பழைய விதி. அவ்விதிப்படியே விலாப்புறத்தை வெட்டிக் கல்லீரலைத் திறந்தனர், சீழை வடித்தனர், குழாய் வைத்துக் காயத்தைத் திறந்தபடியே விட்டனர். விளைவு என்ன? இந்திய மருத்துவமனைகளில் இவ்வாறு அறுவை செய்யப்பட்டோரிற் பாதிக்கும் மேற்பட்டவர் மாண்டனர். கத்தி கூர்மையாக இருந்தது. கை தேர்ந்ததாக இருந்தது. ஆனாலும் நோயாளி பிழைக்கவில்லை. இதற்கு விடை அறுவை அறையிற் கிடைக்கவில்லை. நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்க் கிடைத்தது.

1875ஆம் ஆண்டில் இரஷ்ய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், லோஷ் என்னும் மருத்துவர் சீதபேதியால் வருந்திய ஒருவரின் மலத்தில் அசையும் ஓருயிரைக் கண்டார். அது அமீபா, ஒரே அணுவாலான உயிர். 1883ஆம் ஆண்டில் வாந்திபேதியை ஆராய எகிப்துக்குச் சென்ற இராபர்ட் கோக், சீதபேதியால் இறந்தோரின் குடற்சுவரிலும் கல்லீரற் கட்டியின் ஓரத்திலும் அதே உயிரைக் கண்டார். 1890ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆஸ்லர் என்னும் பேராசிரியர் கல்லீரற் சீழிலேயே அதைக் கண்டார். 1903ஆம் ஆண்டில் ஷாடின் என்னும் ஜெர்மானியர் அதற்கு ‘எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா’ என்று பெயரிட்டார். ‘ஹிஸ்டோலிட்டிகா’ என்றால் திசுவைக் கரைப்பது என்பது பொருள். அப்பெயரிலேயே நோயின் வரலாறு அடங்கியிருக்கிறது.

அது எவ்வாறு கரைக்கிறது என்பதைச் சிறிது காண்போம். அமீபா, தடித்த உறை பூண்ட சிறு முட்டை போன்ற வடிவில் மலத்தோடு வெளியேறுகிறது. அந்த மலம் கலந்த நீரிலும், அந்நீர் பட்ட கீரை, காய், கனிகளிலும் அது தங்கும். வயிற்றிலுள்ள அமிலம் அதனைக் கொல்வதில்லை. குடலை அடைந்ததும் உறையை நீத்து, பெருங்குடலின் சுவரைக் கரைத்துப் புண்ணாக்குகிறது. அங்கிருந்து இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குச் செல்கிறது; பெரும்பாலும் அதன் வலப்பக்கத்திலே தங்குகிறது. தங்கிய இடத்தைச் சுற்றியுள்ள ஈரலைக் கரைத்துக் காவியும் பழுப்பும் கலந்த குழம்பாக்குகிறது. நாம் சீழ் என்று சொல்வது உண்மையில் சீழன்று. கரைந்த ஈரலே ஆகும். அதில் வேறு கிருமிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அமீபாவும் குழம்பின் நடுவில் வாழ்வதில்லை. கட்டியின் சுவரிலேதான் வாழ்கிறது.

இப்பொழுது கத்தி தோற்றதன் காரணம் விளங்கும். மருத்துவர் குழம்பை வடித்தார். சுவரிலிருந்த பகைவனைத் தொடவில்லை. அதுமட்டுமன்று, கிருமியற்றிருந்த குழிவைத் திறந்து வைத்ததால், காற்றிலும் தோலிலும் துணியிலும் உள்ள வேறு கிருமிகள் உள்ளே புகுந்து கொடிய சீழை உண்டாக்கின. ஒரு பகைவனை விரட்டுவதற்காகக் கோட்டைக் கதவைத் திறந்து, பல பகைவரை உள்ளே அழைத்ததைப் போன்றது அது.

இவ்வுண்மையை எடுத்துக் காட்டியவர்களுள் முதல்வர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த லியோனார்டு ராஜர்ஸ். கல்லீரலை வெட்டித் திறக்க வேண்டா. ஊசியைச் செலுத்திக் குழம்பை உறிஞ்சி எடுத்தால் போதும் என்றார் அவர். சுவரிலுள்ள அமீபாவைக் கொல்வதற்கு மருந்து வேண்டும் என்றார். அம்மருந்து எது?

பிரேசில் நாட்டுக் காடுகளில் ‘இபிகாக்குவானா’ என்னும் செடி வளர்கிறது. அதன் வேர் சீதபேதிக்கு நல்ல மருந்து என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குத் தெரியும். நம் நாட்டிலும் குடசப்பாலைப் பட்டையைச் சீதபேதிக்குக் கொடுத்து வந்தனர்; அதிலும் அமீபாவைத் தாக்கும் பொருள் உண்டென்று பின்னாளில் அறிஞர் கண்டனர். ஆனால் இபிகாக்குவானா வேரைப் போதிய அளவு உட்கொண்டால் கடுமையான வாந்தி உண்டாகும். மருந்து உள்ளே தங்குவதே அரிது. 1817ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் அவ்வேரிலிருந்து ‘எமிட்டீன்’ என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அது மருத்துவரின் கவனத்தை ஈர்க்கவில்லை. 1911ஆம் ஆண்டில் மணிலாவில் இருந்த வெடர் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர், மிகக் குறைந்த அளவு எமிட்டீனும் அமீபாவைக் கொல்லும் என்று கண்ணாடிக் குழாயிற் சோதித்துக் காட்டினார். 1912ஆம் ஆண்டில் ராஜர்ஸ் அதனை ஊசி வழியே நோயாளிகளுக்குச் செலுத்தினார். சாகும் நிலையில் இருந்தோர் சில நாட்களில் எழுந்து அமர்ந்தனர். எமிட்டீன் இதயத்தைத் தாக்கக் கூடியது. ஆகையால் அளவறிந்து கொடுக்க வேண்டியிருந்தது. எனினும், உள்ளுறுப்பில் ஒளிந்த கிருமியை மருந்தால் தேடிக் கொல்ல முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் 16 ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டில் நிகழ்ந்த வெற்றி இது.

வெற்றியின் கதையை இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் மருந்து இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை கூறுவது தமிழ்நாட்டின் பெருந்துயரங்களுள் ஒன்று.

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டில் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1906ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் படித்தபோது சீதபேதியால் வருந்தி ஊருக்குத் திரும்பினார். 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு ஆராய்ச்சி செய்தார். 1917ஆம் ஆண்டில் நோயுற்றார். இரவுதோறும் காய்ச்சல், உடல் மெலிவு. ஒரு மருத்துவர் இரைப்பைப் புண் என்றார். வேறு சிலர் காசநோய் என்றனர். முன்னர் இந்தியாவில் அவருக்கு நடந்த சிறு அறுவையைப் பற்றிக் கேள்வியுற்ற மற்றொருவர், அது புற்றுக் கட்டியை நீக்கியதாயிருக்குமோ என்று ஐயுற்றார். காசநோய் நிலையங்களிலே பல மாதங்கள் கழிந்தன. அவற்றுள் மெண்டிப் குன்றுகளில் இருந்த நிலையத்தை நடத்தியவர் சௌரி முத்து என்னும் தமிழ்நாட்டு மருத்துவர். பின்னர் 1928ஆம் ஆண்டில் தாம்பரம் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே. 1918ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டி இராமானுஜனைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1919 மார்ச்சில் அவர் தாயகம் திரும்பினார். 1920 ஜனவரியில், நோய்ப் படுக்கையிலிருந்தே, ‘போலித் தீட்டா சார்பு’ என இன்று வழங்கும் புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 32.

நெடுங்காலம் அவரது மரணத்துக்குக் காசநோயே காரணம் என்று எழுதப்பட்டது. 1994ஆம் ஆண்டில் யங் என்னும் ஆராய்ச்சியாளர் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஆராய்ந்து, அந்நோய் அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருந்திருத்தல் கூடும் என்று முடிவு செய்தார். பழைய சீதபேதி, விட்டு விட்டு வந்த காய்ச்சல், உடல் மெலிவு ஆகிய அனைத்தும் அதனோடு பொருந்துவதாக அவர் கருதினார். இது பின்னாளிற் செய்த ஊகமேயன்றி, ஐயமறத் தெளிந்த முடிவன்று. வைட்டமின் குறைவைக் காரணமாகக் கூறுவோரும் உளர். எனினும் அவ்வூகம் உண்மையாயின், அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டுகளில், போர்முனையிற் சீதபேதிக்கு ஆளான பிரிட்டிஷ் வீரர்களுக்கு எமிட்டீன் ஊசி போடப்பட்டது. மருந்து நாட்டில் இருந்தது. நோயின் பெயர் தெரியாமையால், அது நோயாளியைச் சென்றடையவில்லை. அக்காலத்து மருத்துவரைக் குறைகூறுவது எளிது. கல்லீரலை உள்ளே நோக்கும் கருவி அவர்களிடம் இல்லை. சீதபேதி தீர்ந்து பல ஆண்டுகள் சென்றபின் கட்டி தோன்றலாம் என்பதைக் குளிர்நாட்டு மருத்துவர் எளிதில் நினைக்கவும் மாட்டார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று திருவண்ணாமலையிலேயே உண்டு. 1949ஆம் ஆண்டில் ரமண மகரிஷியின் இடக்கையில் சிறு கட்டி ஒன்றை மருத்துவர்கள் அறுத்து எடுத்தனர். அது மீண்டும் வளர்ந்தது. அது ‘சார்கோமா’ என்னும் புற்று என்று கண்டறியப்பட்டது. சென்னையிலிருந்து தேர்ந்த மருத்துவர்கள் வந்தனர்; ரேடியமும் பயன்படுத்தினர். அவ்வாண்டில் மட்டும் நான்கு முறை அறுவை நடந்தது. கையைத் துண்டிக்கலாம் என்ற யோசனையை மகரிஷி ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அவர் மறைந்தார். இங்கே நோயின் பெயர் ஐயமின்றித் தெரிந்திருந்தது. அதைத் தீர்க்கும் மருந்துதான் அன்று உலகில் எங்கும் இல்லை. ஓரிடத்தில் மருந்து இருந்தது, பெயர் இல்லை. மற்றோரிடத்தில் பெயர் இருந்தது, மருந்து இல்லை. மருத்துவத்தின் வரலாறு முழுவதும் இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் முயற்சியே ஆகும். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொன்னதும் இதற்காகவே.

பெயரறிதல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கல்லீரற் கட்டியே மேலும் சான்று தருகிறது. எல்லாக் கட்டியும் அமீபாவால் வருவதன்று. பாக்டீரியா என்னும் கிருமிகளாலும் அங்கே சீழ்க்கட்டி தோன்றும். அதற்குப் பெனிசிலினும் அதைத் தொடர்ந்து வந்த மருந்துகளும் வேண்டும். சீழையும் வெளியேற்றியாக வேண்டும். அமீபாக் கட்டிக்கோ பெனிசிலினாற் பயனில்லை. வெளித்தோற்றம் ஒன்று, மருந்து வேறு. 1948ஆம் ஆண்டில், மலேரியாவுக்குரிய குளோரோகுவின் அமீபாக் கட்டியையும் ஆற்றும் என்று தெரிந்தது. 1966ஆம் ஆண்டில், தமிழர் பலர் குடியேறி வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பவல் முதலிய மருத்துவர்கள் மெட்ரோனிடசோல் என்னும் மருந்தைக் கொடுத்து வெற்றி கண்டனர். வாய்வழியே உட்கொள்ளும் அம்மருந்து, எமிட்டீனைவிடத் தீங்கு குறைந்தது. பின்னர் ஒலியலையைக் கொண்டு உடலின் உள்ளே நோக்கும் ஸ்கேன் கருவி வந்தது. பூட்டிய அறைக்குச் சாளரம் கிடைத்தது. இன்று பெரும்பாலோர் மருந்தாலேயே நலம் பெறுகின்றனர். கட்டி மிகப் பெரிதாயினும், இடப்பக்கத்தில் இருப்பினும், உடையும் நிலையில் இருப்பினும் ஊசியால் உறிஞ்சுவர். அல்லது மெல்லிய குழாய் வைப்பர். கட்டி உடைந்து வயிற்றினுள் பரவினால் அறுவையும் வேண்டியிருக்கலாம். கத்தி மறைந்துவிடவில்லை, தனக்குரிய வேளையை அறிந்து காத்திருக்கிறது.

இவ்வளவு கூறியும் மூலகாரணத்தை மறந்தால் பயனில்லை. அமீபா மனிதர் மலத்திலிருந்து மனிதர் வாய்க்கு வருவது. அவ்வழியை அடைப்பதற்கு மருத்துவர் வேண்டா. தூய நீரும் கழிப்பிடமும் கைகழுவும் வழக்கமும் போதும். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், நீர் வசதியைப் பற்றியும், திருவிழாக்களிலும் சந்தைகளிலும் செய்ய வேண்டிய சுகாதார ஏற்பாடுகளைப் பற்றியும் தனித்தனியே விதி வகுத்தது. திருவண்ணாமலை போன்ற தலங்களில் கூடும் மக்களுக்கு அது எமிட்டீனுக்குக் குறையாத மருந்து. ஒருகாலத்தில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலை, 1989ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2013ஆம் ஆண்டில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. ஆயினும் இந்நோய் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. அதற்கு ஆளாவோரிற் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுள்ளும் மது அருந்துவோர் மிகுதி.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றில் அரசரும் போரும் இல்லை. ஆனால் வெற்றியும் தோல்வியும் உண்டு. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் மணிலாவிலும் கல்கத்தாவிலும் டர்பனிலும் இருந்தோர், ஒருவரையொருவர் காணாமலே ஒரே பகைவனை எதிர்த்துப் போராடினர். அவர்கள் ஈட்டிய அறிவு இன்று உங்களுடையது. நாளை உங்களிற் சிலர் கத்தியைக் கையில் ஏந்தலாம். சிலர் மருந்தை ஆராயலாம். அப்பொழுது நோயாளி கூறும் பழைய கதையைப் பொறுமையோடு கேளுங்கள். எப்பொழுதோ வந்து தீர்ந்த சீதபேதியைப் பற்றி அவர் கூறும் ஒரு சொல்லிலே, அவருடைய நோயின் பெயர் அடங்கியிருக்கக் கூடும்.